பொடியன்ர பஸ்ஸும் வேலை போனவன்ர கூப்பனும்

தம்பி, உன்னட்டை ஒண்டு கேக்க வேணும். காலி வீதியாலை நூறாம் நம்பர் பஸ் விடியத் தொடங்கி இரா மட்டும் கத்திக்கொண்டு ஓடுது. பாணந்துறையிலை வெளிக்கிட்டு, கல்கிசையைத் தாண்டி, தெகிவளை, வெள்ளவத்தை எண்டு புறக்கோட்டை மட்டும் போகும். அதின்ர ஹோர்ன் சத்தத்துக்கு எங்கடை யன்னல் கண்ணாடி நடுங்கும். சத்தத்துக்குக் காசும் இல்லை. அதை விட்டிட்டு, அறைக்கதவைச் சாத்தி, ஏசியைப் போட்டு, போனுக்குள்ளை அதே பஸ்ஸை அதே ஹோர்னோடை ஓட்டுறாயே, உனக்கு என்ன குறை?

இந்தோனேசியாக்காரன் செய்த கேமாம். மாலியோ எண்ட கம்பனி 2017இலை விட்டதாம். அவன் தன்ர ஊர் பஸ்ஸை ஓட்டத்தான் செய்தவன். எங்கடை பொடியள் சும்மா விடுவாங்களே? லேலண்ட் பஸ் ஒண்டைச் செய்து, ஸ்ரிக்கர் ஒட்டி, கலர் லைற்றுப் பூட்டி உள்ளுக்கு இறக்கிப்போட்டாங்கள். உதைத்தான் மொட் எண்டுறாங்கள். செய்தவன் ஒண்டை நினைச்சுச் செய்வான், விளையாடுறவன் தனக்கு வேண்டினதை அதுக்குள்ளை சொருகுவான். கெட்டித்தனம்தான். நான் நொட்டை சொல்லேல்லை. சம்பளம் ஒரு சதம் இல்லாமல், நித்திரை முழிச்சு, பஸ்ஸின்ர பின்பக்கக் கண்ணாடியிலை எழுதியிருக்கிற வசனம் வரைக்கும் அச்சொட்டாய்ச் செய்யிறாங்கள். உந்தப் பொறுமையிலை காவாசியைப் படிப்பிலை காட்டியிருந்தால் எண்டு கொம்மா ஏசுவா. நான் ஏசமாட்டன். ஏனெண்டால் உந்தப் பொறுமையைப் பற்றித்தான் எனக்குக் கதை இருக்கு.

கொம்பியூட்டரிலை வேறை ஒண்டு வைச்சிருக்கிறாய். ஸ்கைரிம். வாளும் வேலும் பறவைநாகமும். 2011 நவம்பர் 11ஆந் திகதி வந்த கேமை இண்டைக்கும் விளையாடுறாங்கள் எண்டால், அதுக்குக் காரணம் செய்த கம்பனி இல்லை, உன்னைப்போலை மொட் சொருகிற ஆக்கள்தான். ஒருத்தன் மரத்தை வடிவாக்குவான். ஒருத்தன் மழையை மழையாக்குவான். இன்னொருத்தன் பறவைநாகத்துக்குப் பதிலாய் ரயிலைப் பறக்க விட்டவன். ஒண்டு, பத்து, நூறு எண்டு சேத்துக்கொண்டு போவாய். பேந்து ஒருநாள் விளையாட்டைத் திறக்க, மின்னலும் இல்லை முழக்கமும் இல்லை, பொத்தெண்டு விழுந்து வெறும் திரை தெரியும்.

அப்ப உன்ர முகத்தைப் பாக்கவேணும்! வேறை ஆளாய் மாறிப்போடுவாய். ஆரையும் ஏசமாட்டாய். கேமுக்குப் பஞ்சி பிடிச்சிட்டுது எண்டு சொல்லமாட்டாய். முதல் வேலையாய், விழுந்த நேரம் என்ன நடந்தது எண்டு எழுதி வைக்கிற லொக் ஃபைலைத் தேடுவாய். எந்த மொட் எதுக்கு மேலை ஏறி இருக்கு எண்டு வரிசையைப் பாப்பாய். ஒரு மொட் வேலை செய்யிறதுக்கு இன்னொரு தாய் ஃபைல் வேணும், அது இல்லாட்டி முழுக்கச் சரியும் எண்டு எனக்கே விளங்கப்படுத்தினாய். ஒண்டும் பிடிபடேல்லையோ, அரைவாசியை நிப்பாட்டிப் பாப்பாய். அதிலை பிழை இல்லையெண்டால் மற்ற அரைவாசி. பேந்து அதிலை பாதி. நூறு மொட்டுக்குள்ளை கெட்டுப்போன ஒண்டைப் பிடிக்கிறதுக்கு ஏழு தரம் போதுமாம். கணக்கு எனக்கும் தெரியும், நான் அந்தக் காலத்து எஸ்.எஸ்.சி.

இன்னொண்டும் சொன்னாய். பாதி விளையாடின ஆட்டத்திலை, ஓடிக்கொண்டிருக்கிற ஒரு மொட்டை இடையிலை பிடுங்கக் கூடாது. அது ஏற்கனவே ஆட்டத்துக்குள்ளை வேர் விட்டிருக்கும். பிடுங்கினால் சேமிச்சு வைச்சதெல்லாம் பழுதாகும். ஆகலும் அவசரம் எண்டால் முதல் ஒரு பிரதி எடுத்து வை, பேந்து கை வை. 2021 நவம்பரிலை கம்பனிக்காரன் பத்தாம் ஆண்டு விழாவுக்கு எண்டு ஒரு புதுப்பிப்பை விட, ஸ்கிரிப்ற் எக்ஸ்ரென்டர் எண்ட ஒண்டிலை தங்கியிருந்த மொட்டெல்லாம் ஒரே இரவிலை படுத்ததாம். அண்டைக்கு உலகம் முழுக்கப் பொடியள் சோறு தண்ணி இல்லாமல் இருந்தாங்கள் எண்டு சொன்னாய். இருக்கட்டும். விளையாட்டிலை நீ ஞானி.

இனி உன்ர மற்றப் பக்கத்துக்கு வாறன்.

பின்னேரம் ஐஞ்சரைக்கு நீயும் கூட்டாளிமாரும் கல்கிசைக் கடற்கரை ரயில் பாதைக்கு இஞ்சாலை, பிளேன்ரீயும் வடையும் வைச்சுக்கொண்டு இருப்பியள். நானும் காத்து வாங்கிற சாட்டிலை பக்கத்திலை குந்துவன். நாட்டுப் பிரச்சினை வரும். தொழிற்சாலை மூடுபடுது, மெசின் வருது, ஏஐ வருது, வேலை போற சனத்துக்கு அரசாங்கம் குடுக்கலாமோ குடுக்கக் கூடாதோ? அப்ப நீங்கள் கதைக்கிற கதை இருக்கே! முதல் வசனத்திலையே தீர்ப்பு. ஒருத்தன் சொல்லுவான், எல்லாருக்கும் மாசாமாசம் சமனாய்க் காசு குடுக்க வேணும், பின்லாந்திலை குடுத்தவங்கள். மற்றவன் சொல்லுவான், குடுத்தால் சனம் சோம்பேறியாகும், வேலை இல்லாதவன் ஏதாவது படிச்சு முன்னேற வேணும். இரண்டு பேரும் தொண்டை கிழியக் கத்துவியள். கேம் விழுந்தால் லொக் ஃபைலைத் தேடுற பொடியன், மனிசன் விழுந்தால் மட்டும் ஏன் தம்பி கொள்கையைத் தேடுறாய்?

வேலை போன ஒருத்தனையாவது கேட்டியே, உனக்கு எந்த இடத்திலை முறிஞ்சது எண்டு? வாடகையிலையோ, பிள்ளையின்ர ரியூசன் காசிலையோ, அடைவு வைச்ச சங்கிலியின்ர வட்டியிலையோ? தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் எண்டு எங்கடை ஆக்கள் சும்மாவே சொன்னவை?

பின்லாந்துக் கதையையே எடு. 2017, 2018 இரண்டு வருசம், வேலையில்லாத 2,000 பேரைத் தெரிஞ்செடுத்து, மாசம் 560 யூரோ, கேள்வி பாரில்லாமல் குடுத்துப் பாத்தவங்கள். வேலைக்குப் போனவன் எண்டு அந்தக் காசை வெட்டேல்லை. முடிவிலை, காசு வாங்கினவங்கள் சோம்பேறியாகவும் இல்லை, பாய்ஞ்சு விழுந்து எல்லாரும் வேலை எடுக்கவும் இல்லை. வேலை நாளிலை சின்ன வித்தியாசம்தான். மனசு மட்டும் கொஞ்சம் ஆறுதலாய் இருந்ததாய்ச் சொன்னவங்கள். பாத்தியே, அவங்கள் செய்தது உன்ர வேலைதான். முழு நாட்டிலையும் கொட்டாமல், ஒரு துண்டிலை போட்டுப் பாத்து, விழுகுதோ நிக்குதோ எண்டு எழுதி வைச்சவங்கள். நீங்கள் அந்தக் கதையிலை காசை மட்டும் பிடிச்சுக்கொண்டியள். அவங்கள் சோதிச்சுப் பாத்ததை விட்டிட்டியள்.

சரி, வெள்ளைக்காரன் ஊர் போகட்டும். உன்ர கூட்டாளி ஒருத்தன் ஹவ்லொக் சிற்றியிலை இருக்கிறான் எல்லே? பெரிய மாடி, நீச்சல் தடாகம், வாசலிலை காவல். அந்த நிலத்திலை முந்தி என்ன இருந்தது தெரியுமே? வெள்ளவத்தை நெசவாலை. ஒரு காலத்திலை இலங்கையிலை ஆகப் பெரிய துணி மில். 1933இலை அங்கை ஆயிரத்து நானூறு பேர் அளவிலை வேலை. மூண்டிலை இரண்டு பங்கு இந்தியாவிலிருந்து வந்த ஆக்கள், மலையாளிகளும் எக்கச்சக்கம். அந்த வருசம் வேலைநிறுத்தம் வந்தது. லண்டனிலை படிச்சுப்போட்டு வந்த கொல்வின் ஆர். டி சில்வா தொழிலாளருக்குச் சங்கம் அமைச்சுத் தலைவராய் நிண்டார். அதாலை சூடு பிடிச்ச கூட்டம்தான் 1935இலை லங்கா சமசமாஜக் கட்சியாய் வந்தது. நீ உன்ர கூட்டாளி வீட்டிலை கேம் விழுந்த கவலையிலை இருக்கிற அந்த நிலத்திலைதான், நாளைக்குக் கஞ்சிக்கு என்ன வழி எண்டு ஆயிரத்து நானூறு குடும்பம் யோசிச்சது.

அப்பவும் உன்னைப்போலை கதைகாரர் இருந்தவை. வேலை இல்லாததுக்கு ஆர் காரணம்? உடனை விரலை நீட்டினவை: மலையாளி. கொழும்புத் தொழிலாளரைச் சங்கமாய்ச் சேத்த ஏ.ஈ. குணசிங்கவே அந்தப் பாட்டைப் பாடத் தொடங்கிட்டார். எவ்வளவு சுகமான பாட்டு பார். பஞ்சம் உலகம் முழுக்க வந்தது. தேயிலையும் றப்பரும் விலை விழுந்தது. அதை ஆர் இருந்து யோசிக்கிறது? பக்கத்து லயத்திலை இருக்கிறவனைக் காட்டினால் வேலை முடிஞ்சுது. 1939இலை அரசாங்கமே இறங்கி, நாட்கூலிக்கு வேலை செய்த இந்தியாக்காரரை நிப்பாட்டி ஊருக்கு அனுப்ப வெளிக்கிட்டுது. கதைச்சுத் தீர்க்க நேருவே கொழும்புக்கு வந்தார். சரிவரேல்லை. அந்த வருசம் ஓகஸ்ட் தொடக்கம், கூலி வேலைக்கு ஆக்கள் இலங்கைக்கு வாறதை இந்தியா தடை செய்தது. அதுக்குப் பிறகு இஞ்சை இருந்த சிங்கள ஏழைக்கு எல்லாம் வேலை கிடைச்சிட்டுதே? நீ சொல்லு. இண்டைக்கு நீ மலையாளி எண்ட இடத்திலை ஏஐ எண்டு சொல்லுறாய். விரல் அதே விரல்தான்.

பிறகு கூப்பன் கதை. அதைச் சொல்லாமல் விட்டால் என்ர வயதுக்கு மரியாதை இல்லை.

சண்டைக் காலத்திலை, 1942இலை, அரிசிப் பங்கீடு வந்தது. சண்டை முடிஞ்சும் அது முடியேல்லை. சனம் அதிலை வாழப் பழகிட்டுது. 1953இலை அரசாங்கத்திட்டைக் காசு இல்லை. இருபத்தைஞ்சு சதத்துக்குக் குடுத்த ஒரு கொத்து அரிசியை ஒரேயடியாய் எழுபது சதமாக்கினாங்கள். என்ன நடந்தது? ஓகஸ்ட் 12, ஹர்த்தால். தண்டவாளத்தைக் கழட்டினாங்கள், பாதையிலை மரம் வெட்டிப்போட்டாங்கள், துவக்குச் சூட்டிலை சனம் செத்தது. மந்திரிசபை கொழும்புத் துறைமுகத்திலை நிண்ட பிரிட்டிஷ் கப்பலிலை ஏறிக் கூட்டம் வைச்சது. ஒக்ரோபரிலை டட்லி சேனநாயக்க பிரதமர் பதவியை விட்டார். ஓடிக்கொண்டிருக்கிற ஆட்டத்திலை வேர் விட்டதைப் பிடுங்காதை, முதல் பிரதி எடு எண்டு எனக்குப் படிப்பிச்சாய் எல்லே? உன்ர வயதிலை இருந்த ஒருத்தன் அண்டைக்கு மந்திரிமாருக்குப் பக்கத்திலை குந்தியிருந்தால் நாடு கொஞ்சம் தப்பியிருக்கும்.

பேந்து ஆளாளுக்கு ஒண்டு சொருகினாங்கள். 1978இலை பங்கீட்டு அரிசியைச் சனத்திலை பாதிக்கு மட்டும் எண்டு வெட்டினாங்கள். 1979இலை அதையும் நிப்பாட்டி உணவு முத்திரை. முத்திரையிலை அடிச்ச தொகை அடிச்சபடி இருந்தது, கடையிலை சாமான் விலை மட்டும் ஏறிக்கொண்டு போனது. முத்திரை கையிலை, அரிசி கடையிலை, நடுவிலை நீ. 1989இலை சனாதிபதி பிரேமதாச வந்து ஜனசவிய எண்டார். ஒரு குடும்பத்துக்கு மாசம் 2,500 ரூபா, இரண்டு வருசம். அதிலை 1,458 ரூபாவுக்குச் சாமான், மிச்சம் 1,042 சேமிப்பிலை. இருபத்திநாலு மாசம் முடிய 25,000 ரூபா கையிலை நிக்கும், அதோடை ஏழ்மை ஓடிவிடும். யோசனை வடிவுதான். உன்னைப்போலை ஆரோ ஒரு கெட்டிக்காரன் கடதாசியிலை கணக்குப் போட்டிருக்கிறான். ஆனால் எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே நேரத்திலை குடுக்கக் கஜானாவிலை பணம் இல்லை. சுற்றுச் சுற்றாய்க் குடுக்க வெளிக்கிட்டு, அது முடியமுன்னம் ஆட்சி மாறி, 1995இலை சமுர்த்தி. பேர் மாறும், அட்டையின்ர நிறம் மாறும். கிராம சேவகர் கந்தோர் வாசலிலை குடையோடை நிக்கிற மனிசி மட்டும் மாறமாட்டா.

2023இலை அஸ்வெசும. இதைக் கொஞ்சம் நிண்டு பாப்பம், ஏனெண்டால் நீ நம்புற மாதிரியான சாமான் இது. ஆற்றையேன் கையைக் காலைப் பிடிச்சுப் பட்டியலிலை ஏறுறது இனி இல்லை, எல்லாம் கணக்கு எண்டாங்கள். படிப்பு, சுகம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்பம் எண்டு ஆறு பக்கம், இருபத்திரண்டு குறிகாட்டி. அதுக்குப் புள்ளி. புள்ளியின்படி நாலு வகுப்பு. தொடங்கேக்கை ஆகக் கீழை உள்ளவனுக்கு மாசம் 15,000, அடுத்தவனுக்கு 8,500, பிறகு 5,000, பிறகு 2,500. அரசியல்வாதியின்ர எடுபிடி எழுதின பழைய பட்டியலோடை பாத்தால் நல்லதுதான், அதை நான் மறுக்கேல்லை. பட்டியல் வெளிவந்த உடனை நாடு முழுக்க மேன்முறையீடும் ஆட்சேபணையும் இலட்சக்கணக்கிலை குவிஞ்சது. பிரதேச செயலகங்களுக்கு முன்னாலை ஆர்ப்பாட்டம். உண்மையாய் ஏழைப்பட்டதுகளே வெளியிலை நிண்டு அழுததைப் பேப்பர்க்காரர் படம் பிடிச்சுப் போட்டவை.

இப்ப நீ சொல்லு. ஒருத்தன் இருபது வருசம் இரத்மலானைப் பக்கம் ஒரு தொழிற்சாலையிலை வேலை. மாபிள் போட்ட சின்ன வீடு. ரீவி. லீசிங்கிலை எடுத்த மோட்டச்சைக்கிள். பிள்ளை ஏ.எல். போன மாசம் தொழிற்சாலை மூடிட்டாங்கள். அஸ்வெசும வந்து பாத்தால் என்ன தெரியும்? நிலத்திலை மாபிள் தெரியும். கரண்ட் பில் தெரியும். மோட்டச்சைக்கிள் தெரியும். வேலை போனது மாபிளிலை தெரியுமே? தலைமுறை தலைமுறையாய்க் கிடக்கிற வறுமையை அளக்கத்தான் அந்தத் தராசு செய்தது. நேற்று விழுந்தவனை அதிலை ஏத்தினால் முள் பெரிசாய் அசையாது. அவன் மோட்டச்சைக்கிளை லீசிங்காரன் தூக்கி, ரீவியை வித்து, பிள்ளையைப் படிப்பாலை நிப்பாட்டின பிறகு வந்தால் புள்ளி கிடைக்கும். அப்ப தகுதி இருக்கு. ஆளிலை ஒண்டும் மிச்சம் இல்லை.

இதைத்தான் உன்ர பாசையிலை தாய் ஃபைல் இல்லை எண்டுறது. எழுபது எண்பது வருசமாய் இந்த நாட்டிலை ஏழைக்கு எண்டு ஒண்டுக்கு மேலை ஒண்டாய் அடுக்கினாங்கள். வேலை போனவனுக்கு எண்டு ஒண்டை ஆரும் போடேல்லை. இங்கிலாந்திலை 1911இலேயே சில தொழில்களுக்கு வேலையிழப்புக் காப்புறுதிச் சட்டம் வந்திட்டுது. எங்களை ஆண்ட அதே இங்கிலாந்து. கிரிக்கெட்டைக் கொண்டுவந்தாங்கள், ரயிலைக் கொண்டுவந்தாங்கள், இதை மட்டும் கப்பலிலை ஏத்த மறந்திட்டாங்கள்.

அப்ப ஒண்டுமே இல்லையோ எண்டு கேப்பாய். இருக்கு. அதிலையும் எங்கடை ஆக்கள் கெட்டிக்காரர். 1971இலை ஒரு சட்டம், 45ஆம் இலக்கம். பதினைஞ்சு பேருக்குக் குறையாமல் வேலை செய்யிற இடத்திலை, ஒழுக்கப் பிழை இல்லாத ஒருத்தனை, அவன்ர சம்மதமோ தொழில் ஆணையாளற்றை அனுமதியோ இல்லாமல் முதலாளி நிப்பாட்ட ஏலாது. அனுமதி குடுத்தால் நட்டஈடும் குடுக்க வேணும், ஆகக் கூடினது நாப்பத்தெட்டு மாசச் சம்பளம். அதுக்கு மேலை ஒரு தொகை எல்லையும் இருக்கு, 2021இலை அதை இருபத்தைஞ்சு இலட்சமாய் உயர்த்தினவங்கள். கேக்க என்ன வடிவாய் இருக்கு! உலகத்திலையே இறுக்கமான சட்டங்களிலை ஒண்டு எண்டு முதலாளிமார் இண்டைக்கும் அழுகினம். ஆனால் பதினாலு பேர் வேலை செய்யிற கடை? அதுக்கு அந்தச் சட்டம் இல்லை. முதலாளி இரவோடிரவாய்க் கம்பனியைச் சுருட்டிக்கொண்டு கடல் தாண்டினால்? நட்டஈட்டுக் கட்டளையைக் கொண்டுபோய் ஆற்றை கதவிலை ஒட்டுறது?

நூறாம் நம்பர் பஸ்ஸிலை தொங்கிக்கொண்டு "பிட்டக்கொட்டுவ, பிட்டக்கொட்டுவ" எண்டு கத்துற பொடியனை எடு. உன்ர மொட்டிலை அவன்ர குரலும் வருதாம், அச்சொட்டாய். அவனுக்கு நாட்கூலி. மாசச் சம்பளத் துண்டு எண்டால் என்னெண்டு தெரியாது. அட்டையைத் தட்டிப் பயணம் போற காலம் வருகுது எண்டுறாங்கள். வரட்டும், சில்லறை இல்லையெண்டு சண்டை பிடிக்கிற தொல்லை குறையும். அண்டைக்கு வேலை போனால் அவனுக்கு எந்தச் சட்டம்? அவன்ர குரலைப் பதிஞ்சு வைச்சிருக்கிற நீயாவது யோசிச்சியே?

ஈ.பி.எவ். எண்ட ஊழியர் சேமலாப நிதி இருக்கு எண்டுவாய். 1958ஆம் ஆண்டுச் சட்டம். தொழிலாளி எட்டு வீதம், முதலாளி பன்னிரண்டு வீதம். நல்ல காசு. ஆனால் அது கிழடாகிறதுக்குக் குடுக்கிற காசு. ஆம்பிளை ஐம்பத்தைஞ்சு, பொம்பிளை ஐம்பது வயது வரவேணும். நாப்பது வயதிலை வேலை போனவன் பதினைஞ்சு வருசம் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு இருக்கலாமே? 2023இலை நாட்டின்ர கடனைச் சரிக்கட்டுறம் எண்டு போட்டு, அந்த நிதியத்தின்ர கடன்பத்திரங்களையும் குறைஞ்ச வட்டிக்கு மாத்தினாங்கள். அண்டைக்குக் கடற்கரையிலை நீங்கள் என்ன கதைச்சியள் தெரியுமே? புது கிராபிக்ஸ் கார்டின்ர விலை.

2025 மே மாதம் கட்டுநாயக்கவிலை நெக்ஸ்ட் தொழிற்சாலையை மூடினாங்கள். ஆயிரத்து நானூறுக்கு மேலை ஆக்கள். வெள்ளவத்தை மில்லிலை 1933இலை நிண்ட அதே தொகை, கவனிச்சியே? நட்டஈடு குடுத்தவங்கள்தான். ஆனால் போர்டிங் அறையிலை இருந்த ஊர்ப் பெட்டையள் அடுத்த கிழமை என்ன செய்ததுகள், ஆரும் பின்னாலை போய்ப் பாத்தவையே? அது ஒரு பட்டியலிலையும் இல்லை. லொக் ஃபைல் எழுதிற பழக்கமே எங்களிட்டை இல்லைத் தம்பி. விழும், விழுந்ததைக் கூட்டி அள்ளுவம், அடுத்த தேர்தலுக்குப் போவம். 1980 யூலையிலை முந்நூறு ரூபா சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த சனத்திலை நாப்பதினாயிரம் பேர் மட்டிலை அரசாங்கம் வீட்டுக்கு அனுப்பினது. கிளாக்கர்மார், றெயில்வேக்காரர், ஆஸ்பத்திரிக்காரர். கோட் போட்டுக் கந்தோருக்குப் போன மனிசர் கச்சான் வித்ததை இந்தக் காலி வீதி கண்டது. அவையும் சோம்பேறிகளே?

இந்தச் சோம்பேறிக் கதையை எனக்குச் சொல்லுறவையை நல்லாய்ப் பாத்து வைச்சிருக்கிறன். சமுர்த்தி குடுத்துச் சனத்தைக் கெடுத்துப்போட்டாங்கள் எண்டு சொன்ன ஒரு கார்க்காரர், பெற்றோலை அரசாங்கம் நட்டத்துக்கு வித்த காலத்திலை தாங்கி நிறைய அடிச்சவர். அவர் வீட்டு வாசலிலை நிண்ட மூண்டு வாகனத்துக்கும் அந்த நட்டத்திலை பங்கு. சமுர்த்திக்காரன் ஒரு வருசத்திலை வாங்கினதை அவர் சில மாசத்திலை எரிச்சிருப்பார். அதுக்குப் பேர் மானியம் இல்லையாம், அது நாட்டின்ர பொருளாதாரமாம். 2022இலை கியூஆர் அட்டையைக் காட்டி அளவாய்ப் பெற்றோல் எடு எண்ட உடனை அவற்றை முகம் போன போக்கைப் பாக்கக் கண் கோடி வேணும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

எல்லாருக்கும் சும்மா குடு எண்டு நிக்கிற உன்ர மற்றக் கூட்டாளியும் குறைஞ்ச ஆளில்லை. அவன்ர வீட்டிலை சமைக்க வாற அக்காவுக்குப் போன மாசம் காய்ச்சல். வராத நாலு நாளுக்குச் சம்பளத்தை வெட்டினது அவன்ர தாய். அவன் அப்ப பக்கத்து அறையிலைதான் இருந்தான், உலகத்து ஏழை எல்லாருக்கும் மாசாமாசம் எவ்வளவு குடுக்கலாம் எண்டு கணக்குப் போட்டுக்கொண்டு. நான் ஒண்டும் சொல்லேல்லை. எனக்கு அங்கை ஒரு கோப்பி தந்தவை.

சரி, கத்தினது போதும். உங்கடை மாடியிலை மூண்டாம் தட்டிலை ஒரு அண்ணை இருக்கிறார். வேலை போய்ட்டுது எண்டு அவற்றை மனிசி கோயிலிலை வைச்சுச் சொல்லி அழுதது. நீ அவரிட்டைப் போ. கொள்கை ஒண்டையும் கொண்டுபோகாதை, பேனையும் கொப்பியும் கொண்டுபோ. கேம் விழுந்தால் என்னென்ன கேப்பியோ அதையே கேள். எத்தினை பேர் வேலை செய்த இடம்? எத்தினை வருசம்? ஆர் நிப்பாட்டினது, அல்லது இவரே எழுதிக் குடுத்ததோ? எழுதிக் குடு எண்டு வெருட்டினவங்களோ? கடுதாசி இருக்கோ? ஐஞ்சு வருசம் முடிஞ்சிருந்து, பதினைஞ்சு பேருக்குக் குறையாத இடம் எண்டால், வருசத்துக்கு அரை மாசச் சம்பளம் எண்டு பணிக்கொடை வரவேணும், 1983ஆம் ஆண்டுச் சட்டம். ஈ.ரி.எவ். எண்ட ஊழியர் நம்பிக்கை நிதிக் காசுக்கு ஐம்பத்தைஞ்சு வயது வரத் தேவையில்லை, வேலையை விட்டால் எடுக்கலாம், ஐஞ்சு வருசத்துக்கு ஒருக்கா. அவருக்கு இது தெரியாமல் இருக்கும். வேலை போன மனிசனுக்கு முதல் போறது வெளியிலை தலைகாட்டிற துணிவு. கந்தோர் கந்தோராய் ஏறி விசாரிக்க அவருக்கு இப்ப மனசு வராது. உனக்குத்தான் ஒரு பிழையைப் பிடிக்க விடியும் வரைக்கும் முழிச்சிருக்கிற பழக்கம் இருக்கே.

கடுதாசியிலை முதல் திகதியைப் பார். வேலைநீக்கத்துக்கு எதிராய்த் தொழில் நியாயசபைக்குப் போறதெண்டால் ஆறு மாசத்துக்குள்ளை போகவேணும். அவர் வெக்கத்திலை வீட்டுக்குள்ளை இருந்து ஏற்கனவே எத்தினை மாசத்தைத் துலைச்சாரோ தெரியாது. நாரஹேன்பிட்டியிலை தொழில் திணைக்களம் இருக்கு. வெள்ளன வெளிக்கிடு, பத்து மணிக்குப் பிறகு போனால் வரிசை வாசலுக்கு வந்திடும். எல்லாத்திலையும் மூண்டு போட்டோக்கொப்பி எடு. ஒண்டு அவங்களுக்கு, ஒண்டு அண்ணைக்கு. மற்றது, முதல் குடுத்ததைக் காணேல்லை எண்டு அவங்கள் சொல்லுற அண்டைக்கு.